பருப்பு வெந்தால் நல்ல தண்ணீரா?

கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, அறையில் உடன் தங்கியிருந்தவன் என்னிடம் வெற்றிலை போடுவாயா என்று கேட்டான். என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டிலும் ஒரே மட்டத்தில், அளவுகோல் வைத்து இழுத்தாற்போல ஒரு பழுப்புப் பட்டை ஓடுகிறது. வெற்றிலைக் கறை என்றால் தேய்த்தால் குறையும். இதுவோ, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த சின்ன வயதில் குடித்த தண்ணீரின் ஃபுளோரைடு எனாமலுக்குள்ளேயே விட்டுச்சென்ற தடம். இரண்டு பற்களும் ஒரே காலத்தில் உருவானதால் பட்டையும் ஒரே உயரத்தில் நிற்கிறது.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுப் பக்கம் இருக்கிறது. இங்கே நிலத்தடியில் இருப்பது கருங்கல் வகைப் பாறை. அதிலுள்ள அபடைட், மைக்கா போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கசிந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

தண்ணீரைச் சோதிக்க எங்கள் வீட்டில் இரண்டே வழிகள் இருந்தன: பருப்பு வேக வேண்டும், சோப்பு நுரைக்க வேண்டும். இரண்டும் தேறினால் அது நல்ல தண்ணீர். உண்மையில் பருப்பை வேகவிடாததும் நுரையைக் கெடுப்பதும் பெரும்பாலும் கால்சியம்தான். அதே கால்சியம்தான் ஃபுளோரைடோடு சேர்ந்து படிந்து, அது நீரில் மிகுதியாகக் கரையாமல் தடுப்பதும். ஆகவே, பாறை இப்படிப்பட்ட இடத்தில், பருப்பு பூவாக வெந்த தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கவும் வாய்ப்புண்டு. எங்கள் அம்மா தேர்ந்தெடுத்து, இரண்டு தெரு தள்ளிப் போய்ச் சுமந்து வந்த தண்ணீர் அப்படிப்பட்டதாக இருந்திருக்கலாம் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை. கொதிக்க வைத்தாலும் கிருமி சாகுமே தவிர ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். கேன் தண்ணீர்க்காரர் பேனா போன்ற மீட்டரை முக்கிக் காட்டும் எண்ணும் கரைந்துள்ள உப்புகளின் தோராயமான மொத்த அளவே. அதற்குள் ஃபுளோரைடு எவ்வளவு என்று அது சொல்லாது. அதற்கென உள்ள மருந்தைச் சொட்டுவிட்டு, இளஞ்சிவப்பு நிறம் எவ்வளவு தூரம் மஞ்சளுக்கு மாறுகிறது என்று பார்க்கும் சோதனை தனி.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் வந்தது பெரிய விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வரத்து குறையும் நாட்களில் எங்கள் தெருவின் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்துவிடுகிறார்கள்; எந்த நாளில் எவ்வளவு கலந்தார்கள் என்பதை யாரும் எழுதி ஒட்டுவதில்லை. காலையில் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று நாக்கை வைத்துத்தான் ஊகிக்கிறோம், ஃபுளோரைடுக்கோ அந்த அளவில் ருசியே கிடையாது.

என் மகளுக்கு ஆறரை வயதாகிறது. பால்பல் விழுந்த இடத்தில் புதுப் பல் முளைத்து, நுனி மட்டும் வெள்ளையாக வெளியே தெரிகிறது. எனக்குப் பட்டை ஓடுவது அந்த நுனிக்குச் சற்று மேலே என்பதால், இரவில் அவள் பல் விளக்கும்போது விளக்கடியில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.