பிரஷர் மெஷினில் மூன்றாவது எண்

எங்கள் மருந்துக் கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. மருந்து வாங்க வருகிறவர்களில் பலர் "தம்பி, ஒருக்கா பிரஷரையும் பாருங்கோ" என்று கையை நீட்டுவார்கள். மெஷினில் மூன்று எண்கள் வரும். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். மூன்றாவதை, அதாவது நாடித்துடிப்பை, யாரும் கேட்பதில்லை. என் கண் இப்போதெல்லாம் முதலில் போவது அதில்தான்.

இதயம் தானாகவே துடிக்கும். நரம்புகளின் கட்டுப்பாடு இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தியவர்களுக்குச் சும்மா இருக்கும்போதே 90, 100 என்று ஓடுவது அதனால்தான். சத்திரசிகிச்சையில் நரம்புகள் வெட்டுப்பட்டுவிடுகின்றன. நமக்கு 70 அளவில் நிற்கிறதென்றால், மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இறங்கிவரும் வேகஸ் நரம்பு இரவு பகலாகப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதில் என்ன லாபம்? இதயத்தின் இடப்பக்கத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவில், தசை தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் கிடைக்கிறது. துடிப்பு கூடக்கூட அந்த இடைவெளிதான் அதிகம் சுருங்கும். வேலை கூடும், வரத்து குறையும். ஏற்கெனவே குழாயில் அடைப்பு உள்ளவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. நாய்களில் இதயக் குழாயை அடைத்துச் செய்த பரிசோதனைகளில், வேகஸைத் தூண்டியபோது உயிரைப் பறிக்கும் தாறுமாறான துடிப்பு குறைந்திருக்கிறது.

வேகஸ் ஒரு வேதிப்பொருளை விட்டுத்தான் இதயத்தை மெதுவாக்குகிறது என்பதை 1921இல் இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார் ஒட்டோ லோவி. 1936இல் நோபல் பரிசும் கிடைத்தது. யோசனை கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்புவது உங்கள் விருப்பம்.

நான் கையில் சுற்றுகிற அதே பட்டியை வைத்தும் ஒரு ஆராய்ச்சி நடந்தது. விலங்குகளில் காலுக்கோ குடலுக்கோ போகும் இரத்தத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி விட்டால், எங்கோ இருக்கும் இதயம் மாரடைப்பைக் கூடுதலாகத் தாங்குகிறது. நரம்புகளை மறித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அழகான கண்டுபிடிப்புத்தான். ஆனால் 5000க்கும் அதிகமான மாரடைப்பு நோயாளிகளின் கையில் பட்டியை இறுக்கித் தளர்த்திப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தபோது, பலன் எதுவும் தெரியவில்லை. ஆகவே வீட்டில் யாரும் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

எனக்குப் பயம் சீனி வருத்தக்காரர்களை நினைத்துத்தான். நீரிழிவு நீளமான நரம்புகளைத்தான் முதலில் பழுதாக்கும். பாதம் எரிவதும் விறைப்பதும் அதனால்தான். வேகஸும் நீளமான நரம்பு. அது பழுதானால் நாடி 95, 100 என்று ஏறி நிற்கும். நெஞ்சு நோவை மூளைக்குச் சொல்லும் நரம்புகளும் மங்கிப்போனால், மாரடைப்பு நோவே இல்லாமல் வந்துவிடும்.

வாடிக்கையாக வரும் ஒரு ரீச்சர் அம்மா, கனகால நீரிழிவு, ஒரு நாள் வந்து "நோ ஒண்டும் இல்லைத் தம்பி, களைக்குது, வேர்க்குது. காஸ்ட்ரைடிசுக்கு ரெண்டு குளிசை தாங்கோ" என்றார். பிரஷர் 130/80. நாடி 112. குளிசை கொடுக்கவில்லை, 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ் வரவழைத்தேன். ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்ததாம். குணமாகி வந்த பிறகும், ரெண்டு குளிசைக்கு வந்தவளை அம்புலன்சில் ஏற்றிவிட்டான் என்று என்னைப் பற்றிக் குறைதான் சொல்கிறார். சரி, சொல்லட்டும்.

ஒரு எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். காய்ச்சல், இரத்தச்சோகை, தைரொயிட், பஸ்ஸுக்கு ஓடியது எல்லாமே நாடியைக் கூட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுப் பாருங்கள். நீரிழிவும் இருந்து, அடிக்கடி 90க்கு மேல் காட்டினால், கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். எழும்பும்போது தலை சுற்றினால் அதையும் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒருக்கா, எழும்பி நின்று மூன்று நிமிடத்துக்குள் இன்னொருக்கா பிரஷர் பார்ப்பார்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், நரம்பும் பழுதாகியிருக்கிறதா என்று டொக்டர் தேடிப் பார்க்க அது போதும்.