பத்துக்கு இரண்டு, பத்துக்குப் பத்து: கோணல் கேம்களுக்கு மார்க் போடுவது

2010இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த 'டெட்லி பிரிமோனிஷன்' கேமுக்கு ஐஜிஎன் தளம் பத்துக்கு இரண்டு கொடுத்தது. டிஸ்ட்ரக்டாய்டு தளம் பத்துக்குப் பத்து கொடுத்தது. விமர்சகர்களை இந்த அளவுக்கு இரு கட்சியாக்கிய சர்வைவல் ஹாரர் (பயத்துக்கு நடுவே உயிர்பிழைக்கும் வகை) கேம் வேறில்லை என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது. இவர்களில் யாரோ ஒருவர் சரியாக விளையாடவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பத்து கொடுத்தவருக்கும் சண்டை மொக்கை என்பது தெரியும். கிராஃபிக்ஸ் அரதப்பழசு என்பதும் தெரியும். இருவர் கண்ணிலும் பட்ட குறைகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அந்தக் குறைகள் கேமில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதில்தான் கணக்கு மாறியது.

எந்த கேமிலும் நிமிடத்துக்கு நிமிடம் நாம் செய்யும் வேலை ஒன்று இருக்கும். அடிப்பது, ஓட்டுவது, சுடுவது, ஊரைச் சுற்றுவது என்று ஏதோ ஒன்று. குறை அதன்மேல் விழுந்தால் கேம் தேறாது. பக்கத்தில் விழுந்தால் ஒதுங்கிப் போய்விடலாம். இணைய விமர்சனங்களில் கிராஃபிக்ஸ், ஒலி, கட்டுப்பாடு என்று தனித்தனியாக மார்க் போட்டுக் கூட்டுகிறார்களே, அந்த முறை இப்படிக் கோணலான கேம்களிடம் தோற்றுப்போவது இதனால்தான்.

'காட் ஹேண்ட்' என்ற கைச்சண்டை கேமிலிருந்து தொடங்குவோம். 2006இல் பிஎஸ்2க்குக் கேப்காம் வெளியிட்டது. உருவாக்கியது குளோவர் ஸ்டுடியோ, இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. ஐஜிஎன் இதற்குக் கொடுத்தது பத்துக்கு மூன்று. குற்றச்சாட்டுகள்: கேமராவைச் சுழற்ற முடியாது, முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று தெரியாது, இடங்கள் மொட்டையாக இருக்கின்றன. மூன்றும் உண்மை. ஆனால் கேமரா ஏன் சுழலாது என்று பாருங்கள். மற்ற கேம்களில் கேமராவைத் திருப்பும் வலது ஸ்டிக் இங்கே தப்பிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மேலே தள்ளினால் நின்ற இடத்திலேயே தலையை ஆட்டி அடியைத் தவிர்க்கலாம். பக்கவாட்டில் தள்ளினால் விலகலாம், கீழே இழுத்தால் பின்னால் குட்டிக்கரணம். தடுக்கும் பட்டன் என்று எதுவும் கிடையாது. நீங்கள் பாதி வீசிய குத்தைக்கூட வலது ஸ்டிக்கால் வெட்டிவிட்டு விலக முடியும். இந்த ஒரு வசதிக்காகத்தான் கேமராவைப் பலி கொடுத்திருக்கிறார்கள், வாங்கியதற்குச் சரியான விலைதான் அது. மொட்டை இடங்களுக்கு இப்படி எந்த நியாயமும் இல்லை. அது வெறும் பற்றாக்குறை.

முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பாலோர் விட்டுவிட்டுப் போவதற்குக் காரணம் கேமராவைவிடத் திரை ஓரத்தில் இருக்கும் லெவல் அளவுமானிதான். 1, 2, 3, அதற்கும் மேலே 'டை' என்று நான்கு படிகள். நீங்கள் அடி வாங்காமல் அடிக்க அடிக்க அது ஏறும், வாங்கினால் இறங்கும். ஏற ஏற எதிரிகளின் அடி கனக்கும், ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருக்கும் மரியாதையும் போய்விடும். விஷயம் தெரியாமல் சதுர பட்டனை மட்டும் அமுக்கிக்கொண்டிருப்பவர் நன்றாக ஆடுகிறோம் என்று நினைக்கும் அதே நொடியில் நான்கு பேர் நடுவில் மாட்டிச் சாவார். செய்ய வேண்டியவை இவை. கூட்டத்துக்குள் போகாமல் ஓரத்தில் நிற்பவரை முதலில் இழுத்து வந்து தனியாக முடியுங்கள். திரையில் உள்ள குட்டி ரேடாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். சதுர பட்டனின் காம்போவை (தொடர் அடிகளை) நீங்களே அடுக்கலாம் என்பதால் முதல் இடத்தில் வேகமான சின்னக் குத்து, கடைசியில் கனமான அடி என்று வையுங்கள். எதிரியின் தடுப்பை உடைக்கும் அடி மெதுவானது. அதைக் காம்போவுக்குள் போட்டால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள், எனவே முக்கோணம் போன்ற தனி பட்டனில் இருக்கட்டும். தலையை ஆட்டித் தப்புவது முகத்துக்கு வரும் குத்துகளுக்கு உதவும். பிடிக்க வருபவரிடம் அதைச் செய்தால் கழுத்தைக் கொடுத்தது போலத்தான், அங்கே பின்னால் குதிக்க வேண்டும்.

லெவல் கைமீறிப் போனால், சிறப்பு அசைவுகளைத் தேர்ந்தெடுக்கும் ரவுலட் சக்கரத்தில் ஒன்று இருக்கிறது: எதிரி முன்னால் விழுந்து கெஞ்சுவது. லெவல் இறங்கிவிடும். மானம் போகும், ஆனால் பாஸிடம் (கட்டத்தின் பெரிய எதிரியிடம்) போய்ச் சேரலாம். ஈஸி வைத்தால் லெவல் 2க்கு மேல் ஏறாது. ஹார்டில் எப்போதும் 'டை'யிலேயே நிற்கும். முதல்முறை ஆடுபவருக்கு நார்மல்தான் சரி, ஏனென்றால் ஏறி இறங்கும் அந்த அளவுமானியே கேமின் சுவை. காசு போதவில்லையென்றால் இடையில் சூதாட்ட விடுதி உண்டு, அங்கே சிவாவா நாய்களுக்குப் பந்தயம்கூட நடக்கிறது. இத்தனையையும் கூட்டினால் மூன்று வருகிறது என்றால் கூட்டியவரின் கணக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

'எர்த் டிஃபென்ஸ் ஃபோர்ஸ் 2017' இன்னும் விசித்திரம். பெயரில் 2017 இருந்தாலும் சாண்ட்லாட் நிறுவனம் இதைச் செய்து எக்ஸ்பாக்ஸ் 360க்கு ஜப்பானில் 2006இன் கடைசியில் வெளியிட்டது, அமெரிக்காவுக்கு 2007இல் வந்தது. கட்டடம் அளவு எறும்புகள், ஒரு சிப்பாய், இரண்டு துப்பாக்கி, 53 மிஷன். ஒரு ராக்கெட் போட்டால் முழுக் கட்டடமும் சரிகிறது. நூறு எறும்பும் நான்கு வெடிப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் ஃப்ரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பது) தரைதட்டுகிறது. வேறு கேமில் இது மன்னிக்க முடியாத குற்றம். இங்கே படம் வெட்டி வெட்டி ஓடாமல் மொத்தமும் மெதுவாகிறது. உங்கள் குறியும் எறும்பும் சேர்ந்தே மெதுவாவதால் குறி தவறுவதில்லை, பெரிய வெடிப்பு ஸ்லோமோஷனில் நடந்து முடிகிறது. தற்செயல்தான், ஆனாலும் பொருந்திப்போன தற்செயல்.

இதில் நிஜமான குறை வேறிடத்தில். செத்த எதிரிகள் ஆயுதப் பெட்டியும் கவசப் பெட்டியும் போட்டுவிட்டுப் போவார்கள். கடைசி எதிரி செத்ததும் மிஷன் முடிந்துவிடும். பொறுக்காத பெட்டி போனது போனதுதான். அதனால் அனுபவசாலிகள் கடைசியில் ஒரேயொரு எறும்பை உயிரோடு விட்டுவிட்டு, அது கடிக்கத் துரத்தும்போதே தெருத்தெருவாக ஓடிப் பெட்டி பொறுக்குவார்கள். கவசப் பெட்டிகள் உடல்வலுவை நிரந்தரமாகக் கூட்டுவதால் இந்தச் சலிப்பான வேலையைத் தவிர்க்கவும் முடியாது. ஒவ்வொரு மிஷனின் வாலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த நடைக்கு மார்க்கைக் குறைத்தே ஆக வேண்டும். வண்டிகள் எதற்கும் உதவாது: டாங்கி, ஹெலிகாப்டர் எதிலும் ஏறாதீர்கள். குறுகிய தெருவில் ராக்கெட் லாஞ்சரோடு போனால் முன்னால் வந்து நிற்கும் எறும்பின்மேல் வெடித்து நீங்களே விழுவீர்கள். ஒரு கையில் ராக்கெட் இருந்தால் இன்னொன்றில் ஷாட்கன் அல்லது அசால்ட் ரைஃபிள் கட்டாயம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து திரையைப் பாதியாகப் பிரித்து ஆடினால் பெட்டி பொறுக்கும் வேலையும் பாதியாகும்.

இப்போது 'டெட்லி பிரிமோனிஷன்'. ஹிடெடகா சுஏஹிரோ, ரசிகர்களுக்கு ஸ்வெரி, இயக்கியது. கிரீன்வேல் என்ற அமெரிக்கச் சிற்றூருக்குக் கொலை விசாரணைக்கு வரும் எஃப்பிஐ ஆள் பிரான்சிஸ் யார்க் மோர்கன், கண்ணுக்குத் தெரியாத ஜாக் என்பவனிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார். காரில் போகும்போது பழைய சினிமாக்களைப் பற்றி. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் 24 மணி நேரத்துக்கும் தனி அட்டவணை இருக்கிறது. ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கலாம். சட்டையை மாற்றாவிட்டால் ஈ மொய்க்கும். காரில் வைப்பரும் இண்டிகேட்டரும் தனித்தனியாக வேலை செய்கின்றன, எதற்கு என்று கேட்கக்கூடாது. இந்த ஊரில் வாழ்வதுதான் நிமிடத்துக்கு நிமிடம் நடக்கும் வேலை.

சண்டை அதன்மேல் ஒட்டவைத்த துண்டு. வெளியீட்டுத் தரப்பின் வற்புறுத்தலில் பின்னால் சேர்ந்தது அது, ஆடும்போதே தையல் தெரிகிறது. நார்மலில் ஒவ்வொரு நிழல் மனிதனும் குண்டுகளை விழுங்கிக்கொண்டே இருப்பான், ஒரே மாதிரி நடைபாதைகளில் ஒரே மாதிரி நான்கைந்து பேர். எனவே 360 பதிப்பில் தயங்காமல் ஈஸி வையுங்கள். ஆரம்பத் துப்பாக்கிக்குக் குண்டு தீராது, தலையைக் குறிவைத்தால் போதும். மூச்சை அடக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டே நடந்தால் நிழல்களுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், பாதிச் சண்டையை இப்படியே தாண்டிப் போய்விடலாம். அடிக்கும் ஆயுதங்கள் தேய்ந்து உடையும் என்பதால் அவற்றை நம்பிப் போக வேண்டாம்.

வரைபடம் ஒரு தலைவலி. முழு ஊரையும் ஒரே பார்வையில் காட்டாது, நீங்கள் பார்க்கும் திசைக்கேற்பத் திரும்பிக்கொண்டும் இருக்கும். இங்கே குறை மைய வேலைக்கு மிக அருகில் வருகிறது, இரண்டு மார்க் கொடுத்தவரின் கோபம் நியாயமாகும் இடம் இதுதான். கிளைக் கதைகளில் ஒன்று வேகப் பயணத்துக்கு ஒரு ரேடியோ கொடுக்கும், அதைச் சீக்கிரம் தேடிப் பிடித்தால் வலி குறையும். நடுவழியில் பெட்ரோல் தீர்ந்தால் சாலையில் கொளுத்தும் ஃப்ளேர் வண்டியை வரவழைக்கும், எப்போதும் ஒன்றிரண்டு பையில் இருக்கட்டும். விசாரணைக்குக் குறித்த நேரம் தவறினால் பதற வேண்டாம், மறுநாள் அதே நேரத்துக்குப் போகலாம். நேரம் சீக்கிரம் ஓட வேண்டுமானால் சிகரெட் பற்றவைத்தால் கடிகாரம் முன்னால் நகரும்.

2013இல் பிஎஸ்3க்கு வந்த டைரக்டர்ஸ் கட் சண்டையை எளிதாக்கிவிட்டு, ஈஸி, நார்மல் என்று தேர்ந்தெடுக்கும் வசதியையே எடுத்துவிட்டது. நல்ல முடிவு. ஆனால் ஃப்ரேம் வேகம் 360ஐவிட மோசமானது, அதுவும் ஊரைச் சுற்றும்போது. பக்கத்துக் குறையைக் குறைத்து மையத்தில் ஒரு குறையைச் சேர்த்தால் கைக்கு என்ன மிஞ்சும்? இதே தவறு 2020இல் ஸ்விட்சுக்கு வந்த இரண்டாம் பாகத்தில் பன்மடங்காகிறது. அதே ஸ்வெரி, அதே யார்க், பேச்சிலும் குறைவில்லை. ஆனால் ஊர் சுற்றுவது ஸ்கேட்போர்டில், அதில் ஏறித் தெருவில் இறங்கினால் படம் திக்கித் திக்கி நகர்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் இடையில் அந்தத் தெருதான். முதல் பாகத்தின் குறைகளைப் பட்டியலிட்டால் இதைவிட நீளம், ஆனாலும் முதல் பாகத்தை முடித்தவர் பலர் இதைப் பாதியில் வைத்துவிடுவதில் வியப்பில்லை.

'ஆல்ஃபா புரோட்டோகால்' என்ற உளவாளி கேம் (அப்சிடியன், 2010) பற்றிச் சுருக்கமாக: குறி நேராக இருந்தும் குண்டு விலகிப் போகிறதே என்று திட்டியவர்கள் ஏராளம். காரணம், உள்ளே ஓடுவது ஆர்பிஜி கணக்கு, அதாவது உங்கள் கைக்குறியைவிடப் பாத்திரத்தின் திறமைப் புள்ளியே பேசும். திறமைப் புள்ளி குறைவாக இருக்கும்போது ஓடிக்கொண்டே சுட்டால் எதுவும் படாது. புள்ளிகளைப் பிஸ்டலிலும் ஸ்டெல்த்திலும் (மறைந்து நகர்வதிலும்) கொட்டுங்கள். செயின் ஷாட் என்ற பிஸ்டல் திறமை வந்ததும் நேரத்தை நிறுத்திவிட்டுத் தலைகளைத் தேர்ந்தெடுக்கலாம், மாஸ்கோவில் பிரைகோ என்ற பாஸிடம் பலர் கேமை விட்டு ஓடிய இடத்தை இது சமாளித்துவிடும். ஹேக்கிங் பிடிக்காதவர் அதைத் தாண்ட உதவும் இஎம்பி கருவி வாங்கி வைத்துக்கொள்ளலாம். உரையாடலும் அதன் விளைவுகளும்தான் கேம், அவற்றில் கைவைக்கும் குறை பெரிதாக ஏதுமில்லை.

மீதி இருப்பது 'டிராகன்ஸ் டாக்மா' என்ற கற்பனையுலக ஆர்பிஜி. 2012, கேப்காம், இயக்கம் ஹிடெஅகி இட்சுனோ. மதிப்பெண்கள் எழுபதுகளில் நின்றன, அன்றைக்கு அது நியாயமும்கூட. பிஎஸ்3, 360 இரண்டிலும் மேலும் கீழும் கறுப்புப் பட்டை, அதையும் மீறிப் படம் குறுக்கே கிழிந்தது போலத் தெரிந்தது. ஊருக்கு ஊர் நடந்தே போக வேண்டும், வேகப் பயணத்துக்கான ஃபெர்ரிஸ்டோன் ஒன்று 20,000 தங்கம். ஆனால் சண்டையில் கிரிஃபின் மேல் தொற்றி ஏறலாம், அதன் இறக்கைக்குத் தீ வைத்தால் பறக்க முடியாமல் விழும். கைமெராவின் ஆட்டுத்தலை மந்திரம் போடும், பாம்பு வால் விஷம் கக்கும், எதை முதலில் வெட்டுவது என்பதில் சண்டையின் பாதை மாறும். இன்று வாங்குபவர் 2017இல் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு வந்த 'டார்க் அரைசன்' பதிப்பை எடுத்தால் தீராத ஃபெர்ரிஸ்டோன் கையோடு வருகிறது. நடைப் பிரச்சினையில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்தது.

தீராதது சேவ் முறை. ஒரே ஒரு சேவ் இடம்தான். நீங்களாகச் செய்யும் சேவ் வேறு, விடுதியில் தங்கினால் உருவாகும் செக்பாயின்ட் வேறு. செத்த கோபத்தில் 'கடைசி செக்பாயின்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இடையில் செய்த சேவும் சேர்ந்து போகும், சில நேரம் மூன்று நான்கு மணி நேர ஆட்டம். நீண்ட பயணம் கிளம்புமுன் விடுதியில் ஒரு இரவு தங்குங்கள். சுமையைக் கவனியுங்கள், கனம் கூடினால் ஸ்டாமினா மீள நேரமாகும், பொறுக்கியதையெல்லாம் பான்களிடம் (கூடவே வரும் துணையாட்களிடம்) தள்ளிவிடுங்கள். இன்னொன்று: கதையின் கடைசியில் டிராகன் உங்கள் அன்புக்குரியவரைத் தூக்கிப்போகும், அது யார் என்பதைக் கேம் உங்களைக் கேட்காமலே பழக்கத்தின் அளவை வைத்து முடிவு செய்கிறது. அடிக்கடி கடைக்குப் போய்ப் பேசி, பரிசும் கொடுத்து வைத்திருந்தால் ஆயுதக் கடைக்காரர் காக்ஸ்டன்தான் டிராகனின் கையில் இருப்பார். அரைசன்ஸ் பாண்ட் என்ற மோதிரத்தைக் கடைசிச் சண்டைக்கு முன்பே நீங்கள் விரும்பியவரிடம் கொடுத்துவிடுங்கள்.