பொடுகுக்கு வெட்பாலை எண்ணெய்: காய்ச்சாமல் எடுப்பதும் கழுவி விடுவதும்

"தலை காஞ்சு கெடக்கு, எண்ணெய் பத்தல, அதான் பொடுகு" என்பார்கள் நெல்லைப் பக்கத்து வீடுகளில். சிலருக்கு அது உண்மைதான். மார்கழிப் பனியில் கை கால் வெளிறும்போது தலையிலும் மாவுபோல் வெள்ளையாக உதிர்ந்தால் அது வெறும் வறட்சி. ஆனால் சீப்பில் பிசுபிசுவென்று மஞ்சளாக ஒட்டுவதும், காதுக்குப் பின்னும் புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் நிற்பதும், வியர்த்தால் அரிப்பு கூடுவதும் வறட்சியால் வருவதில்லை. மலாசீசியா என்னும் நுண்பூஞ்சை எல்லார் தலையிலும் இருக்கிறது. தோலில் ஊறும் எண்ணெய்ப் பசைதான் அதற்குச் சாப்பாடு. நாம் ஊற்றும் தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலமும் அதற்கு ஆகும். ஆகவே மூலிகை எண்ணெயை ராத்திரி தேய்த்துப் பின்னிப் போட்டு, மறுநாளும் குளிக்காமல் இருந்தால், மூலிகை செய்த நல்லதை எண்ணெயே கெடுத்துவிடும். இந்த எண்ணெயை மருந்தாகப் போட வேண்டும். போட்ட மருந்தைக் கழுவி எடுக்கவும் வேண்டும்.

எங்கள் தேர்வு வெட்பாலை. சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படைக்கும் (சொரியாசிஸ்) பொடுகுக்கும் பேர்போன இலை அது. ஆயுர்வேதக் கடைகளில் தந்தப்பாலைத் தைலம் என்று விற்பதும் இதில் செய்ததுதான். பொதிகை அடிவாரத்துக் காடுகளிலும் மானாவாரிக் கரடுகளிலும் தானாக வளரும் சிறு மரம். இலையைக் கிள்ளினால் பால் வரும். ஆனால் பால் வருவதை மட்டும் வைத்துப் பறிக்கக் கூடாது, பார்க்க இதுபோலவே இருக்கும் குடசப்பாலை மரத்துக்கும் பால் உண்டு. காயைப் பாருங்கள்: வெட்பாலையில் இரண்டு நீளக் காய்கள் நுனியில் ஒன்றோடொன்று ஒட்டி, இடுக்கிபோல் தொங்கும், குடசப்பாலைக் காய்கள் நுனியில் சேராது. எண்ணெயும் காட்டிக் கொடுத்துவிடும். வெட்பாலை இலையில் அவுரியைப் போலச் சாயச் சத்து இருப்பதால் வெயில் ஏற ஏற எண்ணெய் கருநீலச் சிவப்பாக மாறும். நாலு நாள் நல்ல வெயில் பட்டும் பச்சையாகவே கிடந்தால் இலை வேறு. அந்த எண்ணெயைத் தலையில் வைக்க வேண்டாம்.

அரை லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய்க்குக் கால் கிலோ பச்சை இலை. காலையில் பனி உலர்ந்தபின் பறித்து அன்றைக்கே போட வேண்டும், வாடிய இலையில் நிறம் குறைவாகத்தான் இறங்கும். தூசியை ஈரத் துணியால் துடைத்து, நிழலில் ஒரு மணி நேரம் விரித்து, மேல் ஈரம் போனபின் கையாலேயே கிழித்துப் போடுங்கள். இரும்புக் கத்தி படக்கூடாது என்பது பழைய வழக்கம். கையால் கிழித்தாலே பால் நன்றாகக் கசியும், கத்தி தேவைப்படுவதில்லை. வாயகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் இலையை அமுக்கி, அதற்கு மேல் ஒரு விரல்கடை எண்ணெய் நிற்கும்படி ஊற்றி, வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மொட்டை மாடியில் ஐந்து முதல் ஏழு நாள் வெயிலில் வைக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். தினமும் ஒரு தடவை காய்ந்த மரக்கரண்டியால் இலையை அமிழ்த்துங்கள்.

கெட்டுப்போவது அநேகமாக ஈரத்தால்தான். மூடி போட்டால் இலையின் ஆவி மூடியில் வேர்த்துத் திரும்ப எண்ணெயிலேயே சொட்டும். எண்ணெய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலையில் பூசணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் இந்த வேலையே வேண்டாம். ஆனி, ஆடியில் வெயில் இருந்தாலும் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் அடிக்கிற காற்றில் புழுதி ஏறும், துணியை இரட்டையாக மடித்துக் கட்ட வேண்டியிருக்கும். சீக்கிரம் ஆகட்டும் என்று அடுப்பில் கொதிக்க விடுகிறவர்கள் உண்டு. இலை கருகினால் அந்தக் கரிதான் தலையில் ஒட்டும். வடிகட்டும்போது இலையை முறுக்கிப் பிழியாதீர்கள். சாறு இறங்கி அடியில் தங்கும், சில வாரத்தில் சிக்கு வாடை வந்துவிடும். தானாக வடிந்ததை மட்டும் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, இருட்டான அலமாரியில் வைத்தால் ஆறு மாதம் தாங்கும்.

முதல் முறை தலைக்குப் போகுமுன் முழங்கை உள்பக்கம் இரண்டு சொட்டுத் தடவி ஒரு நாள் பொறுங்கள். சிவந்தாலோ எரிந்தாலோ அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது.

தேய்ப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் அப்பினால் முடிக்குத்தான் எண்ணெய், தோலுக்கு ஒன்றும் போவதில்லை. சீப்பு நுனியால் வகிடு வகிடாகப் பிரித்து, பஞ்சில் தொட்டு, வகிட்டுத் தோலில் மட்டும் ஒற்ற வேண்டும். கிராப்புத் தலைக்கு ஒரு தேக்கரண்டி, நீளக் கூந்தலுக்கு இரண்டு அல்லது மூன்று போதும். பிறகு விரல் நுனிச் சதையால் ஐந்து நிமிடம் மெல்லத் தேய்க்கலாம். நகம் படவே கூடாது. சொரிந்து புண்ணான இடத்தில் எண்ணெயும் வேண்டாம். அரைமணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஊறினால் செதில் இளகிவிடும். தோளில் பழைய துவர்த்து போட்டுக்கொள்ளுங்கள், இந்தச் சாயம் வெள்ளைத் துணியில் பட்டால் லேசில் போகாது.

கழுவுவதற்கு உசிலம் பொடியோ (அரப்பு) சீயக்காயோ இரண்டு மூன்று தேக்கரண்டி எடுத்து வடிகஞ்சியில் குழைத்து, தண்ணீர் ஊற்றுமுன் எண்ணெய்த் தலையிலேயே தேய்க்க வேண்டும். முதலிலேயே தண்ணீரை ஊற்றிவிட்டால் பொடி எண்ணெயைப் பிடிக்காமல் வழுக்கும். தண்ணீர் விஷயமும் முக்கியம். ராதாபுரம், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்து உப்புத் தண்ணீர் ஆழ்துளைக் கிணறுகளில் சோப்புப் போட்டால் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவமாகத் தலையில் தங்கும். அதையும் பொடுகென்று நினைத்து இன்னும் சோப்புப் போடுகிறவர்கள் நிறைய. உசிலம் பொடியோ ஷாம்புவோ அப்படிப் படியாது. ஊர்க் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற வீடு என்றால் கடைசி இரண்டு செம்பாவது அந்தத் தண்ணீரை ஊற்றி அலசுங்கள். முடி உலராமல் கொண்டை போட்டுப் பூ வைத்தால் சாயந்திரமே அரிப்பு திரும்பும்.

வாரத்துக்கு இரண்டு தடவை, நாலு வாரம். முதல் வாரத்தில் உதிர்வது கூடுவதுபோல் தெரியும், ஒட்டியிருந்த செதில் கழன்று விழுவதுதான் அது. பயந்து நிறுத்திவிடாதீர்கள். அரிப்பு முதலில் அடங்கும், செதில் அதற்குப் பின்னால்தான் குறையும். இடையில் நெற்றியோரம் பரு கிளம்பினால் எண்ணெய் கீழே வழிகிறது, அளவைக் குறையுங்கள். சீப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தலையணை உறையையும் மாற்றுங்கள். அடங்கியபின் வாரம் ஒருமுறை போதும். பொடுகு வேரோடு போகிற வியாதி அல்ல. வியர்வை, தூக்கமின்மை, மனக் கவலை கூடும்போது மறுபடி தலைகாட்டும்.

நாலு வாரத்தில் பாதிகூடக் குறையவில்லையென்றால் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் 2% ஷாம்புவை மருத்துவரிடம் கேட்டுப் போடுவதில் தப்பே இல்லை. அதையும் எண்ணெய் முழுக்கப் போனபின் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டுத்தான் அலச வேண்டும். வெள்ளிபோல் தடித்த செதில் நெற்றி தாண்டி இறங்கினாலோ, பெயர்த்தால் புள்ளி புள்ளியாக ரத்தம் வந்தாலோ அது காளாஞ்சகப்படையாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு வட்டமாக முடி ஒடிந்து சொட்டை விழுந்தால் படர்தாமரை. வெளிப்பூச்சு எண்ணெய் அதற்குப் போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டும். வெள்ளைப் புள்ளி முடியோடு ஒட்டி, உருவினாலும் நகராவிட்டால் ஈர். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாகர்கோவில் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. வெளிநோயாளிப் பிரிவில் தலையைக் காட்டிக் கேட்கலாம்.

அங்கே துர்தூரபத்ராதி தைலம் எழுதித் தரக்கூடும். அது ஊமத்தை இலைச்சாறு சேர்ந்த ஆயுர்வேதத் தைலம், பொடுகுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் ஊமத்தை விஷம். அதை வீட்டில் காய்ச்ச வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்குத் தேய்க்க வேண்டாம், சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். தேய்த்த கையை உடனே கழுவுங்கள். கண்ணில் பட்டால் கருமணி விரிந்து பார்வை மங்கும்.