பனம்பழ வாசமும் கெமிஸ்ரி மிஸ்ஸும்

மிஸ்ஸின் மரண அறிவித்தல் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப்பில் வந்தபோது, வயதைப் பார்த்துத்தான் திடுக்கிட்டேன். எங்களைவிட நாலைந்து வயதுதான் மூப்பு! 1991இல் வொயில் சேலையோடு ஆய்வுகூடத்துக்குள் வந்தவரை, சும்மா ஒரு நடுத்தர வயது மனுஷியாகவே நினைத்துக்கொண்டிருந்தோம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தும், போரால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போகும் ஆனையிறவுப் பாதை பூட்டிக் கிடந்ததால் போகாமல், நிரந்தர நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியையாக வந்தவர். காலையில் நாங்கள், பின்னேரம் ரியூசன், இரவில் குப்பி விளக்கில் பிறத்தியாருக்குச் சட்டை தைப்பு. சங்கக்கடை மண்ணெண்ணெய் வரிசையில் நாங்கள் இடம் விட்டாலும் முன்னுக்கு வரமாட்டார்.

சவர்க்காரம் அரசின் பொருளாதாரத் தடைப்பட்டியலில் இருந்த காலம். பனம்பழக் களியில் தோய்த்த என் சீருடையைக் கொடியிலேயே மாடு சப்பிவிட்டது. வாசத்துக்கு வந்திருக்கும், பாவம். மாற்றுச் சீருடை இல்லை. மஞ்சள் பிடித்து ஓரம் கிழிந்த அதோடு பிரார்த்தனைக்குப் போனால், மூத்த ஆசிரியை ஒருவர் என்னை முன்னுக்குக் கூப்பிட்டு நிறுத்தினார். "இதுதான் எங்கட வெள்ளையோ?" அந்த நேரம் குண்டு போடும் பொம்மர் வந்தால்கூட நல்லது என்றிருந்தது, பங்கருக்குள்ளாவது ஓடலாம்.

முதல் பாடம் கெமிஸ்ரி. மிஸ் தன் சேலைத் தலைப்பை முன்வாங்குக்கு நீட்டினார்.

"மணந்து பாருங்கோ பிள்ளையள். இதுவும் பனம்பழம்தான்."

அப்புறம் துண்டுச் சோக்கால், சவர்க்கார மூலக்கூறின் ஒரு நுனி எண்ணெயையும் மறுநுனி தண்ணீரையும் பிடிப்பதைக் கீறிக் காட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் பெரிய உபகாரம்.

1993இல் அண்ணா காசு அனுப்ப, புலிகளிடம் பாஸ் எடுத்துக் கிளாலிக் கடல்நீரேரியால் இரவோடிரவாக வள்ளத்தில் போனேன். சொல்லப் போனபோது மிஸ், "நல்லாப் படியும்" என்றதோடு சரி. தனக்குக் கிடைத்த இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் அவர் சைக்கிள் கரியரில் ஆய்வுகூடத் தராசைக் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டியதைத் தோழி எழுதித்தான் அறிந்தேன். தென்மராட்சியில் மரத்தடியிலும் அவர் பாடம் நடந்ததாம். நான் அப்போது ரொறன்ரோவில், அவர் போக முடியாத படிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வரும் எங்கள் பள்ளிக்கூட மலரின் ஆசிரியர் பட்டியலில் நிரந்தர நியமனம் பெற்றவர்கள் மட்டும்தானாம். மிஸ்ஸுக்கு நியமனம் கிடைத்தது பிறகு, வேறு பள்ளிக்கூடத்தில். மலர்க்குழுவினரே, தொண்டர் ஆசிரியைகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அச்சுச் செலவு என்னுடையது.