'அலாரம்' கேட்டால் கையில் எதை எடுப்பது?

விடிகாலையில் எழுப்பிவிடச் சொல்லி செல்போனில் வைக்கிறோமே அலாரம், அந்தச் சொல் இத்தாலியப் படைவீரர்களின் கூச்சலில் பிறந்தது. எதிரி தெரிந்ததும் காவலுக்கு நின்றவன் "அல்லார்மே!" என்று கத்துவான். 'ஆர்மே' என்றால் ஆயுதங்கள். 'ஆயுதத்தை எடுங்கள்' என்பதுதான் அந்தக் கத்தலின் முழு அர்த்தமும். வருவது யார், எத்தனை பேர், எந்தப் பக்கமாக வருகிறார்கள் என்று ஒரு விவரமும் அதில் கிடையாது. தூக்கத்திலிருந்து எழுகிறவனின் கை எங்கே போக வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது.

நான் கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் கொள்ளிடம் ஆற்றின் தென்கரையில், ஆறு பழையாறு பக்கம் கடலில் விழுவதற்குக் கொஞ்சம் மேற்கே. எங்கள் கப்பலில் போலந்து, குரோஷியா, சுவீடன், ருமேனியா என்று பல தேசத்து ஆட்கள் இருந்தார்கள். வேலை மொழி ஆங்கிலம். ஆனால் கோபமோ பயமோ வந்தால் அவரவர் தாய்மொழிதான் வாயில் வரும். இந்த ஒரு சொல் எத்தனை வேஷத்தில் ஐரோப்பா முழுக்க உலாவுகிறது என்பதை நான் கேட்டது அப்படித்தான்.

குரோஷியாக்காரரான சீஃப் எஞ்சினியர், ஒர்க்‌ஷாப்பில் யாராவது இரும்பைப் போட்டுத் தட்டினால் "என்ன லார்மா அங்கே?" என்பார். லார்மா என்றால் அவருக்கு இரைச்சல், கூச்சல். ஹங்கேரியிலும் ருமேனியாவிலும் கிட்டத்தட்ட இதே சொல்தான், இதே பொருள்தான். ஜெர்மனியில் 'லெர்ம்' என்றால் சத்தம். ராத்திரியில் பக்கத்து வீட்டில் பாட்டு வைத்தால் புகார் கொடுப்பார்களே, அந்தச் சத்தம். இவை எல்லாம் அலாரத்தின் முதல் எழுத்து உதிர்ந்துபோய் வந்தவை. தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை எழுப்பி, 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன டேனிஷ்காரர்களின் மொழியிலும் 'லார்ம்' வெறும் இரைச்சல்தான். சுவீடனில் மட்டும் அதே 'லார்ம்' இன்றைக்கும் எச்சரிக்கை மணியையும் குறிக்கிறது.

ஆங்கிலத்துக்கு இது 14ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு வழியாகப் போய்விட்டது. அங்கே அது இன்னொரு பக்கமாக நகர்ந்தது. முதலில் கத்தல், அப்புறம் கத்துவதற்குப் பதிலாக அடிக்கும் மணி, அப்புறம் அந்த மணியைக் கேட்டால் வயிற்றில் எழும் பயம். ஒருவர் 'அலார்ம்' ஆகிவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னால் பதறிப்போய்விட்டார் என்று அர்த்தம். ஆயுதத்தை எடு என்று சொன்ன சொல் ஒரு நாட்டில் வெறும் சத்தமாகவும் இன்னொரு நாட்டில் வெறும் பயமாகவும் ஆகிவிட்டது. 'எடு' என்ற பகுதி இரண்டிலும் காணாமல் போனது. எனக்கு இது மொழிநூல் வேடிக்கையாகத் தெரியவில்லை. ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு அப்படித் தெரியாது.

ஏன் என்று சொல்கிறேன். என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த வேலை தெரிந்திருக்காது. மதகைத் திறப்பது, மூடுவது, ஷட்டருக்குக் கிரீஸ் போடுவது, தன் எல்லைக்குள் இருக்கும் கரையை நடந்து நடந்து பார்ப்பது, இதெல்லாம் லஸ்கரின் வேலை. பாரசீகத்தில் 'லஷ்கர்' என்றால் படை. அந்தச் சொல்தான் கப்பலில் வேலை பார்த்த இந்தியர்களுக்கும் பெயரானது. வெள்ளைக்காரர் கப்பல்களில் நம்மவர்களை லஸ்கர் என்றுதான் எழுதிவைத்தார்கள். அப்பா வாய்க்காலில் லஸ்கர், நான் கடலில் லஸ்கர். இரண்டு பேர் பிழைப்புக்கும் பெயர் கொடுத்தது ஒரு பட்டாளத்துச் சொல்.

கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் அப்பா வீட்டுக்கு வர மாட்டார். முக்கொம்பு மேலணையிலும் கல்லணையிலும் காவிரிக்குத் தாங்காத தண்ணீரை எல்லாம் கொள்ளிடத்தில்தான் திருப்பிவிடுவார்கள். அது அணைக்கரைக் கீழணையைத் தாண்டி எங்களிடம் வரும்போது ஆறு ஒரு கரையிலிருந்து மறு கரை வரை செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போகும். எல்லோரும் பயப்படுவது கரைக்கு மேல் தண்ணீர் வழிவதைப் பார்த்து. அப்பா பயப்பட்டது கரையின் அடியைப் பார்த்து. லாந்தரைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு வயல் பக்கத்துச் சரிவில்தான் நடப்பார். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் இருந்த துவாரம், இப்படி ஏதாவது வழியாகத் தண்ணீர் கரைக்குள் புகுந்து இந்தப் பக்கம் கசியும். கசிவைக் கண்டால் உட்கார்ந்து, உள்ளங்கையில் அந்தத் தண்ணீரை ஏந்தி வெளிச்சத்தில் பார்ப்பார்.

"தெளிஞ்சு வந்தா ஊத்துடா தம்பி, பயமில்ல. கலங்கி வந்தா கரை உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்" என்பார்.

கலங்கல் வந்தால் துவாரத்தை நேராக அடைக்கக் கூடாது. அடைத்தால் அழுத்தம் பக்கத்தில் வேறு இடத்தைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டையை அடுக்கி, வருகிற தண்ணீரை அதற்குள்ளேயே நிற்கவிட வேண்டும். உள்ளே தேங்கிய தண்ணீரின் உயரம் ஏற ஏற, ஆற்றின் அழுத்தத்தை அது எதிர்த்துத் தள்ளும். கலங்கல் தெளிய ஆரம்பிக்கும். பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்காத அப்பா அதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

அது கைமீறிப் போனால் ஒரே ஒரு குரல்தான். "உடைப்பு! உடைப்பு!" என்று கரையிலிருந்து யாராவது கத்துவார்கள். அந்த ஒரு சொல் போதும். ஏன், எங்கே என்று யாரும் வாசலில் நின்று கேட்டதில்லை. வீட்டுக்கு வீடு மண்வெட்டி, கடப்பாரை, காலிச் சாக்கு, சவுக்குக் கட்டை, தென்னங்கீற்று, வைக்கோல் பிரி என்று அவரவர் கையில் கிடைத்ததோடு கரைக்கு ஓடுவார்கள். பெண்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு, விதைநெல்லைப் பரணில் ஏற்றுவார்கள். 'உடைப்பு' என்பது அகராதியில் பெயர்ச்சொல். எங்கள் கரையில் அது ஒரு கட்டளை. லத்தீனில் 'ஆர்மா' என்பது வாளையும் ஈட்டியையும் மட்டும் குறிக்கவில்லை. உழவன் கையில் இருக்கும் கருவிகளுக்கும் அதே பெயர்தான். அப்படிப் பார்த்தால் "அல்லார்மே!" என்று கத்தினவனும் "உடைப்பு!" என்று கத்தினவனும் சொன்னது ஒன்றையேதான்.

(இதே ஆர்மாவிலிருந்து, ஆயுதமும் கருவியும் வைக்கும் பெட்டிக்கு லத்தீனில் ஒரு பெயர் வந்தது. அது போர்ச்சுகீசியர் வாய் வழியாக நம்மிடம் வந்து அலமாரி ஆனது. நாகப்பட்டினத்தில் அவர்கள் இறங்கி ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு. அலாரமும் அலமாரியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தருகிற செய்தி.)

இப்போது எங்களுக்கு எச்சரிக்கை வேறு விதமாக வருகிறது. ஐப்பசி பிறந்தால் டிவியைப் போட்டதும் "டெல்டா மாவட்டங்களுக்கு ரெட் அலர்ட்". இந்த அலர்ட்டும் இத்தாலியில் பிறந்ததுதான். "அல்லெர்தா!" 'எர்தா' என்றால் செங்குத்தான மேடு. மேட்டில் ஏறி நின்று பார், விழிப்பாக இரு என்று பொருள். ஸ்பெயினில் இரவுக் காவலர்கள் "அலெர்தா" என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து, தூங்கவில்லை என்று காட்டிக்கொள்வார்கள். வெள்ளக் காலத்தில் எங்கள் கரையில் லாந்தரோடு நின்றவர்கள் "ஓய்" என்று இழுத்துக் குரல் கொடுப்பதும், அடுத்த காவல் குடிசையிலிருந்து பதில் "ஓய்" வருவதும் இதே ஏற்பாடுதான்.

ஆக, அலர்ட் என்றால் ஏறிப் பார். அலாரம் என்றால் எடுத்துக்கொண்டு ஓடு. இரண்டும் இரண்டு கட்டம். இந்திய வானிலைத் துறையின் நிறங்களிலும் இந்த வரிசை அப்படியே இருக்கிறது. மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. அதற்குத்தான் அவர்கள் அலர்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்கு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் எச்சரிக்கை. ஒரு நாளில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் என்று எதிர்பார்க்கும்போது பெரும்பாலும் அந்தச் சிவப்பு வரும். எவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு! ஆனால் எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது மூன்று நிறத்துக்கும் 'அலர்ட்' என்ற ஒரே வால் ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் சேனலை மாற்றுகிறார்கள். ஏறிப் பார்க்கவும் யாரும் போகவில்லை, எதையும் எடுக்கவும் இல்லை.

ஆற்று வெள்ளத்துக்கு எச்சரிக்கை எண்ணிக்கையில் வருகிறது. கொள்ளிடத்தில் வினாடிக்கு இத்தனை லட்சம் கன அடி, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். 2022 ஆகஸ்ட்டில் அந்தத் தண்ணீர் வந்தபோது நாதல்படுகை, முதலைமேடு, வெள்ளைமணல் போன்ற படுகை ஊர்கள் மூழ்கின. ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற ஊர்கள் அவை. அங்கிருக்கும் கிழவர்களுக்குக் கன அடிக் கணக்கு கைவந்த கலை. இத்தனை லட்சம் என்றால் எந்தப் புளியமரத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவார்கள். கல்யாணமாகி வேறு ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு அந்த எண் எதைச் சொல்லும்? பாதுகாப்பான இடம் என்றால் பள்ளிக்கூடமா, புயல் பாதுகாப்பு மையமா, கரை மேடா? மாட்டை எங்கே கட்டுவது?

2004 டிசம்பர் 26 பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29க்கு. நாகை மாவட்டக் கரையில் அலை ஏற இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கடலை விட்டு மேற்கே ஓடுங்கள் என்று கரைக்கு வந்து சொல்ல ஒரு குரல் இல்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது 2007இல்.

கப்பலில் இந்தக் குழப்பம் இல்லை. டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் முதன்முதலாகப் போட்ட கடல் பாதுகாப்பு ஒப்பந்தம், திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டு, நாடு விட்டு நாடு போகும் பெரிய வணிகக் கப்பல்களை இன்றும் ஆள்கிறது. ஜெனரல் அலாரம் என்பது குறைந்தது ஏழு குட்டை ஊதல், அடுத்து ஒரு நீண்ட ஊதல். அதைக் கேட்ட பிறகு யாரும் யோசிக்க வேண்டியதில்லை. கேபினில் மாட்டியிருக்கும் அட்டையில் அவரவர்க்கு எழுதியிருக்கும்: எங்கே கூட வேண்டும், எந்தப் படகு, கையில் என்ன எடுக்க வேண்டும். என் அட்டையில் தீயணைப்புக் குழாய் என்று இருந்தது. சமையல்காரர் போர்வை எடுத்து வர வேண்டும். மாதத்துக்கு ஒரு முறையாவது ஒத்திகை உண்டு. கப்பலில் மட்டும் அந்த இத்தாலியச் சொல் தன் பழைய பொருளோடு உயிரோடு இருக்கிறது.

அதனால் இந்த ஆடியில், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே, எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். கெட்டி அட்டை, மேலே பிளாஸ்டிக் உறை, கதவுக்குப் பின்னால் ஆணி. ஆரஞ்சு என்று சொன்னால் செல்போனை சார்ஜ் போடு, ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் பிளாஸ்டிக் பையில் கட்டு, மாட்டின் கயிற்றை, இழுத்தால் அவிழும் முடிச்சாக மாற்று. சிவப்பு என்று சொன்னாலோ, கரையில் "உடைப்பு" என்று குரல் கேட்டாலோ மாடு கரை மேட்டுக்கு, ஆட்கள் பள்ளிக்கூட மாடிக்கு. அதற்குக் கீழே அந்தந்த வீட்டில் யார் எதை எடுப்பது என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறது. பத்து வயதுப் பையன் ஒருவன் தன் பெயருக்கு நேரே 'டார்ச் லைட்' என்று எழுதச் சொல்லி, ஸ்பெல்லிங் சரியா என்று பக்கத்தில் நின்று பார்த்தான்.

தெருக்கோடி வீட்டில் தனியாக இருக்கும் பெரியம்மாவால் நடக்க முடியாது. அவர்களைத் தூக்கிக்கொண்டு வருவது யார் என்ற வரி காலியாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியின் பெயரைப் போடலாம் என்றால் அவன் திருப்பூரில் இருக்கிறான், தீபாவளிக்குத்தான் வருவான். மழை அதுவரை பொறுக்காது. இப்போதைக்கு அந்த இடத்தில் என் பெயரையும் எதிர் வீட்டுக்காரர் பெயரையும் எழுதி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கழி கட்டி அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே வைத்திருக்கிறோம்.