சரிவு நிலத்தில் மழைநீரைத் தேக்குதல்

ஒடுகத்தூரை அடுத்து, ஜவ்வாது மலையடிவாரத்தில் என் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் சரிவு நிலம் இருக்கிறது. காப்புக்காட்டை ஒட்டிய அந்த நிலத்தைப் பல ஆண்டுகளாக உழாமல் விட்டதால் வேங்கையும் நெல்லியும் புங்கனும் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. வேலூர்ப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அது குறைந்த மழையன்று. ஆனால் பெரும்பகுதி சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது இந்தச் சரிவிலிருந்தும் செம்மண் கரைந்து ஓடியது. அடுத்த ஏப்ரலில் அதே இடத்தில் நெல்லிக் கன்றுகள் வாடி நின்றன.

அந்தக் கோடையில்தான் ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை, ஹார்ஸ் மலையில் காய்ந்து நிற்கும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களின் படங்களை அனுப்பினாள். மாதந்தோறும் மழையும், மெல்ல உருகும் பனியும், குளிரில் மட்க மறுத்துத் தடித்துக் கிடக்கும் சருகும் உள்ள காடு அது. அதுவே 2018-இல் தொடங்கிய வறட்சியில் நலிந்து, பட்டை வண்டுக்கு இரையானது. ஈரக் காடுகளை உலர்த்துவதற்காக முன்னோர் வெட்டிய வடிகால்களை அங்கே சில இடங்களில் இப்போது அடைத்து வருகிறார்கள். நீரை வெளியேற்றுவதே காட்டுக்கு நல்லது என்று எண்ணியிருந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், ஐந்து மாதம் மழையின்றிக் கிடக்கும் நம் சரிவைப் பற்றி நான் கவலைப்பட்டதில் வியப்பில்லை.

சரிவில் ஓடும் மழைநீரைப் பிடித்து நிறுத்த முதலில் குழி வெட்டினேன். மூன்று மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம்; ஒரு குழி 750 லிட்டர் கொள்ளும். கண்மதிப்பில் வெட்டியது பெரும் தவறாகிவிட்டது. முதல் கனமழையில் நீர் ஒரு முனைக்கே ஓடிக் கரையை உடைத்துக்கொண்டு போயிற்று. பிறகு கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரு முனையும் ஒரே உயரத்தில் இருக்குமாறு பார்த்து, இருபது குழிகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அமைத்தோம்.

ஆனால் கணக்கு வேறொன்றைச் சொன்னது. ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒன்றரை ஏக்கரில் விழும் நீர் ஏறத்தாழ 3 லட்சம் லிட்டர். இருபது குழிகளும் சேர்ந்து ஒரு முறைக்குப் பிடிப்பதோ 15,000 லிட்டர்தான். அதே நிலத்தின் மேல் ஓரடி மண், தன் பருமனில் நூற்றுக்குப் பத்துப் பங்கு நீரைக் கூடுதலாக ஏற்றுக்கொண்டால், அது மட்டுமே 1.8 லட்சம் லிட்டருக்கு மேல் ஆகும். ஆகவே பெரிய தொட்டி மண்தான். அதன் வாய் திறந்திருக்கிறதா என்பதே கேள்வி. வெறும் மண்ணில் மழைத்துளி அறைந்ததும் நுண்துகள்கள் துளைகளை அடைத்து மேலே ஓடு போல இறுகிவிடுகின்றன. சருகு அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. டிசம்பரில் ஒரு கை சருகை விலக்கிப் பார்த்தேன்: அடியில் வெண்ணிறப் பூஞ்சை இழைகள், மண்புழு எச்சம், தொட்டால் குளிர்ச்சி. மூன்றடி தள்ளி, சருகில்லாத இடத்தில், மண் தகடு தகடாகப் பெயர்ந்தது.

மாமா இதைக் கணக்கில்லாமலே அறிந்திருந்தார். “குழி வெட்டுறது இருக்கட்டும் மாப்ள, மொதல்ல நெருப்பு புடிக்காம பாத்துக்கோ” என்றார். எங்கள் பக்கத்தில் மாசி, பங்குனியில் இலை உதிர்ந்ததும், புதுப் புல் முளைக்கட்டும் என்று சரிவுகளுக்குத் தீ வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஓராண்டுச் சருகு ஒரு பிற்பகலில் சாம்பலாகி, அடுத்த மழையில் ஓடைக்குப் போய்விடுகிறது. எனவே எல்லையோரம் ஆறடி அகலத்துக்கு மட்டும் சருகை வாரித் தீத்தடுப்புப் பாதை அமைத்து, வாரியதைக் குழிகளில் போட்டு மேலே மண் தூவினோம்.

அடிவாரக் கிணற்றில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஒன்றரை ஏக்கர் அதற்குப் போதாது. மே முதல் வாரத்தில் குழியோரம் ஒரு சாண் ஆழத்தில் எடுத்த மண், பிடித்ததும் உருண்டையாக நின்றது. சருகில்லாத மேட்டில் எடுத்தது விரலிடுக்கில் பொடியாக உதிர்ந்தது.