சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள்

துன்பத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்ல வீடு சந்திப்புக்குப் போகிறவர்கள் வாயில் முதலில் வந்து விழுவது, ‘கவலைப்படாதீங்க அக்கா, சீக்கிரம் எல்லாம் சரியாயிடும்’ என்பதுதான். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் யாங்கூன் தமிழ்ச் சபைகளில் இந்த ஊழியம் செய்கிறவர்கள் முதலில் விடவேண்டிய பழக்கமும் இதுவே. ‘சீக்கிரம்’ என்றால் அது ஒரு தவணை. சொன்னவர் மறந்துவிடுவார், கேட்டவர் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். மியான்மரில் 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஓராண்டுக்கு என்று அறிவித்த நெருக்கடி நிலை, நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக 2025 ஜூலை முடியும் வரை போனது. இப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் தவணை சொல்லி, அது பொய்த்துப்போனால், அந்த வீட்டுப் பிள்ளைகள் சொன்னவரை விட்டுவிட்டுக் கர்த்தரைத்தான் கேள்வி கேட்பார்கள்.

எரேமியா புத்தகத்தில் இதே தவறு நடக்கிறது. 28ஆம் அதிகாரத்தில் பொய்த் தீர்க்கதரிசி அனனியா, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களும் பொருள்களும் இரண்டு வருஷத்தில் திரும்பிவிடும் என்று ஜனங்களுக்கு இனிப்பாகச் சொல்கிறான். அடுத்த அதிகாரத்தில் எரேமியா அந்தச் சிறைப்பட்டவர்களுக்கு எழுதி அனுப்பும் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. நாம் காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் போடும் 29:11 வசனம் அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. எழுபது வருஷத்தைச் சொல்லும் 10ஆம் வசனத்தை விட்டுவிட்டு 11ஐ மட்டும் வாசித்தால் அது அனனியாவின் செய்தியாகவே மாறிவிடும். துன்பத்தில் இருக்கும் வீட்டில் 5ஆம் வசனத்திலிருந்து வாசிப்பது நல்லது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று அங்கே அன்றாட வேலைகள்தான் வரிசையாக வருகின்றன. காத்திருக்கிறவர்களுக்கு இன்று காலையில் எழுந்து செய்ய ஒரு வேலை வேண்டும், அதை அந்த வசனங்கள் கொடுக்கின்றன.

முதல் சந்திப்பு அரைமணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பேர் போவது சரியான அளவு. நான்கைந்து பேர் போனால் வீட்டுக்காரம்மா டீ போட ஓடுவார், பேச்சு நின்றுவிடும். 2021இல் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று தடை வந்தபோது சபைகள் வேறு வழியில்லாமல் சின்னக் குழுக்களாயின. அந்த அளவு இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்துகிறது. உட்கார்ந்ததும் வேதத்தைத் திறக்க வேண்டாம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் சரியாகத்தான் செய்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே கெடுத்தார்கள். மகனைப் பற்றித் தகவல் தெரியாத தாயிடம், ‘கர்த்தர் ஏதோ நோக்கத்தோடுதான் செய்திருக்கிறார்’ என்று சொல்வதும் அப்படித்தான். தெரியாத காரணத்தைத் தெரிந்தமாதிரி சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது.

வாசிக்க ஒரு சங்கீதம் போதும். துதிச் சங்கீதத்தை முதலிலேயே எடுப்பது வழக்கமான தவறு. 13 அல்லது 88ஐ எடுக்கலாம். 88 இருளிலேயே முடிகிறது, கடைசி வசனத்தில்கூட விடிவு இல்லை. அதை வாசிக்கப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் தங்கள் வீட்டில் நடப்பது வேதத்திலேயே எழுதியிருக்கிறது என்று கேட்டதும் வாய் திறக்காதவர்களும் பேச ஆரம்பிப்பார்கள்.

புலம்பல் புத்தகத்தின் அமைப்பையும் ஊழியர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மொத்தம் ஐந்து அதிகாரம். எபிரெய எழுத்துகள் 22 என்பதால் 1, 2, 4, 5 ஆகியவற்றில் 22 வசனம். நடுவிலுள்ள மூன்றாவதில் மட்டும் எழுத்துக்கு மூன்றாக 66 வசனம். கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றி ‘அவைகள் காலைதோறும் புதியவைகள்’ என்பது அந்த மூன்றாவது அதிகாரத்தில், புத்தகத்தின் நடுவயிற்றில் இருக்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு அதிகாரம் அழுகை தொடர்கிறது. போன வாரம் தைரியமாகப் பாடிய அக்கா இந்த வாரம் மறுபடி அழுதால், ‘விசுவாசம் குறைந்துவிட்டது’ என்று முடிவுகட்டுகிறவர்கள் இந்தப் புத்தகத்தை முழுதாக வாசிக்கவில்லை.

மொழியையும் கவனிக்க வேண்டும். ஆயாவுக்குத் தமிழ் வேதாகமம் மனப்பாடம். பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்ட வராது. ஒரே சங்கீதத்தை ஆயா தமிழிலும் பேத்தி பர்மிய மொழியில், அமெரிக்க மிஷனரி ஜட்சனின் மொழிபெயர்ப்பிலும் வாசிக்கட்டும். இரண்டுமே பழைய நடைதான், அதனால் ஒருவருக்கொருவர் அர்த்தம் கேட்டுக்கொள்வார்கள். நாம் பேசுவதைவிட அந்தப் பேச்சுக்குப் பலன் அதிகம். அந்த மொழிபெயர்ப்பு வந்த வழியையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஜட்சன் ரங்கூனில் (இன்றைய யாங்கூன்) வந்து இறங்கியது 1813இல், முதல் ஞானஸ்நானம் 1819இல். 1824இல் அவரை அன்றைய பர்மியத் தலைநகர் ஆவாவில் சிறைவைத்தபோது, மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி ஆன் முதலில் மண்ணில் புதைத்தார். மழையில் கெட்டுவிடும் என்று எடுத்து, யாரும் ஆசைப்படாத கட்டித் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். முழு வேதாகமமும் அச்சேறியது 1835இல்.

அடுத்தது அரிசி. ஜெபம் பண்ணிவிட்டுக் கைவீசிக்கொண்டு வருவது சில வீடுகளில் பாவம் என்றே சொல்வேன். நம் ஊர் அரிசி அளவுக் கணக்கில் எட்டு பால்டின் (டின்பால் டப்பா) ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டுக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு பியி வேண்டும். பிடியரிசிக் காணிக்கையாக நாற்பது வீடுகள் உலைவைக்கும்போது காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி எடுத்துவைத்தால், ஆறு பிடி ஒரு டின் என்ற கணக்கில் மாதம் ஐம்பது பியி தேறும். மூன்று வீட்டுக்கு அரைமாதத்துக்கு மேல் தாங்கும். புழுங்கலையும் பச்சையையும் ஒரே வாளியில் கொட்டக்கூடாது. ஒன்று வேகுமுன் மற்றது குழைந்துவிடும், வாங்கியவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மழைக்காலத்தில் வண்டு வைக்கும், காய்ந்த வேப்பிலை போட்டுவைக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் பார்க்கக் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம். அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் சபைக்கு வராது.

2025 மார்ச் 28, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் சகாயிங், மண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்தது. வீட்டுக்குள் படுக்கப் பயந்து ஜனங்கள் வெட்டவெளியில் படுத்தார்கள். ஈஸ்டர் ஏப்ரல் 20இல் வந்தது, இடையில் மூன்று வாரம்தான். அப்படிப்பட்ட வேளையில் உயிர்த்தெழுதல் செய்தியை அவசரப்படுத்தாமல் பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவிலுள்ள பெரிய சனிக்கிழமைக்கும் இடம் கொடுப்பது முக்கியம். கல்லறை மூடிக் கிடந்த நாளைப் பற்றிச் சுவிசேஷங்கள் அதிகம் சொல்வதில்லை. மத்தேயு கல்லுக்கு முத்திரை போட்டதைச் சொல்கிறார், லூக்கா ஸ்திரீகள் ஓய்ந்திருந்தார்கள் என்கிறார். அந்தப் பெண்களும் ஆயத்தம்பண்ணிய சுகந்தவர்க்கத்தை வைத்துக்கொண்டு விடியலுக்காகக் காத்திருந்தவர்கள்தான்.

ஊழியர்களும் சோர்ந்துபோவார்கள். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று வீட்டுக்கு மேல் ஒருவர் ஏற்றுக்கொள்ளக்கூடாது. அதற்கு மேல் போனால் ஜெபம் வாய்ப்பாடம் ஆகிவிடும்.

கடைசியாக, சந்திப்புத் தேதி. துக்கம் நடந்த முதல் மாதம் வீடு நிறைய ஆள் இருப்பார்கள், நாலாம் மாதம் படியேறுவோர் குறைந்துவிடுவார்கள். அதனால் புறப்படும்போதே அடுத்து வரும் நாளைச் சொல்லி, அவர்கள் வீட்டுக் காலண்டரிலேயே வட்டம் போட்டுவிட்டு வரவேண்டும். நாம் துணிந்து கொடுக்கக்கூடிய தேதி அது ஒன்றுதான். மழையோ காய்ச்சலோ வந்து போகமுடியாவிட்டால், அதே நாளில் பக்கத்துத் தெரு விசுவாசி ஒருவர் வாசலில் நின்றாவது, ‘அவங்க வியாழக்கிழமை வர்றாங்க ஆயா’ என்று சொல்லிவிட்டு வரட்டும்.